சீட்டுக்குள்ளே வைத்துத் தைத்தது

அந்தக் கார் பட்டறைக்கு வந்து இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். சுள்ளென்று வெயில். லாரியிலிருந்து பலகையைச் சாய்த்து ஆறு பேர் தள்ளி இறக்கினார்கள். டயர் நாலும் மக்கிப்போயிருந்தன. ஒரு கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். மேலே மடக்குகிற துணிக்கூரை நார் நாராகக் கிழிந்து, உள்ளே இருந்த இரும்பு வளைவுகள் மட்டும் துருத்திக்கொண்டு நின்றன.

"இதுவா கார்? யாரோ கப்பலைக் கொண்டாந்து கவுத்துட்டுப் போயிருக்காங்க" என்றாள் ஊசி.

ஊசி என்பது பட்டறை வைத்த பெயர். கார்களுக்கு சீட் தைப்பதும் கூரைத்துணி தைப்பதும் அவள் வேலை. கையிலும் ஊசி, வாயிலும் ஊசி, அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் வீட்டுக்காரர் அதே பட்டறையில் டிங்கர். நசுங்கின தகரத்தைத் தட்டித் தட்டி நிமிர்த்துகிறவர். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். பிள்ளை குட்டி கிடையாது. இவளுக்கு அவர், அவருக்கு இவள், குடும்பம் அவ்வளவுதான். பத்துப் பேர் பார்க்க மல்லுக்கு நிற்பார்கள், அடுத்த நிமிஷம் ஒரே கிளாஸில் பாதிப் பாதி டீ குடிப்பார்கள். "உங்க ரெண்டு பேருக்கும் வெக்கம்னு ஒண்ணு இருக்கா?" என்று பட்டறை முதலாளியான மேஸ்திரி தலையில் அடித்துக்கொள்வார்.

"பொறாமைப்படாதீங்க மேஸ்திரி, கண்ணு பட்டுடும்" என்பாள் ஊசி.

காரின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். அவருடைய பெரியப்பா ஓட்டிய வண்டியாம் அது. அறுபது வருஷத்துக்கு முந்தின அமெரிக்கக் கார். முப்பது வருஷம் ஒரு கொட்டகையில் பூட்டியே கிடந்ததாம். டாக்டருக்கு ஒரே ஒரு பிடிவாதம். "எது எதைக் கழட்டுறீங்களோ, அதையே திரும்ப மாட்டணும். புதுசு போட்டு என்னை ஏமாத்தக்கூடாது. இது பழைய வண்டி, பழைய வண்டியாவே இருக்கணும்."

"பழைய எலிப் புழுக்கையக்கூட அள்ளி வெச்சிருக்கோம் டாக்டர், அதையும் போட்டுடட்டுமா?" என்றாள் ஊசி. டாக்டர் சிரிக்கவில்லை.

ஆனால் சீட் விஷயத்தில் அவர் சொன்னதற்கும் ஊசியின் வழக்கத்துக்கும் சண்டை இல்லை. அந்தக் காலத்து வண்டிகளின் சீட்டில் ஸ்பிரிங்குக்கு மேலே குதிரை முடியைத்தான் திணித்திருப்பார்கள். இப்போது தைக்கிறவர்கள் அதை அள்ளி வெளியே எறிந்துவிட்டு ஃபோமை வெட்டி வைத்துவிடுவார்கள். ஊசி அப்படிச் செய்ய மாட்டாள். பழைய முடியைப் பிரித்து, சோப்புத் தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, சிக்கெடுத்து, அதையே திரும்ப உள்ளே வைத்துத் தைப்பாள். எந்தப் பக்கத்து முடி அந்தப் பக்கத்துக்கே போகும். மாற்ற மாட்டாள். "அது ஏற்கெனவே உக்காந்து பழகின முடி. நாம புதுசா பழக்க வேணாம்" என்பாள். அந்த ஒரு வழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

முன்பக்கம் ஒரே நீள சீட். ஸ்டீயரிங் இடது பக்கம், பக்கத்தில் உட்காருகிறவருக்கு வலது பக்கம். இடது பாதியைப் பிரித்தபோது எப்போதும் வருகிற சரக்குதான் வந்தது. கட்டையான, சுருண்ட, சொரசொரப்பான குதிரை முடி. வலது பாதியைப் பிரித்தாள். உள்ளே இருந்தது வேறு. நல்ல கறுப்பு. மெல்லிசு. கையை நீட்டினால் தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளம்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கையை எடுத்திருப்பார்கள். ஊசிக்குத் தொழில் புத்தி. அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். வால் முடி! உசந்த சரக்கு! அடேயப்பா, பக்கத்தில் உட்காருகிறவருக்கு எவ்வளவு கவனிப்பு!

அன்றைக்குப் பகல் முழுக்க அதை மடியில் போட்டுக்கொண்டு சிக்கெடுத்தாள். மூன்று தண்ணீர் மாற்றி அலசியும் அதில் ஒரு வாசனை போகவில்லை. குதிரை நாற்றம் இல்லை, பழங்கால மக்கல் இல்லை. தலைக்கு எண்ணெய் வைத்து இப்போதுதான் வாரி முடிந்தது போன்ற வாசனை.

"குதிரைக்கும் யாரோ எண்ணெய் தேச்சு விட்டிருக்காங்க பாருங்க" என்று புருஷனிடம் காட்டினாள்.

டிங்கர் ஒரு கொத்தைக் கையில் வாங்கி முகர்ந்தார். திருப்பிக் கொடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "நல்லா இருக்குடி" என்றார்.

சிவப்புத் தோலில் உறை, வெள்ளையில் ஓரப்பட்டை. வலது பாதி முடியை வலது பாதியிலேயே திணித்து, வளைந்த ஊசியால் தையல் போட்டு முடித்தாள். பத்துத் தையலுக்கு ஒரு சின்ன முடிச்சு, அது அவள் கைவழக்கம். சும்மா சொல்லக்கூடாது, அவள் தைத்ததிலேயே அழகான சீட் அது.

எட்டு மாதத்தில் கார் ரெடி. வெண்ணெய் நிற பெயிண்ட், நிலைக்கண்ணாடி மாதிரி பாலிஷ், ஒரு பித்தானைத் தட்டினால் மோட்டார் முனகிக்கொண்டே கூரை எழுந்து வந்து மூடும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

முதல் குறை சீட்டில்தான் தெரிந்தது. காலையில் கதவைத் திறந்தால் வலது பக்கம் அமுங்கிக் கிடந்தது. யாரோ வெகுநேரம் உட்கார்ந்து எழுந்த பள்ளம். ஊசி தட்டித் தட்டி நிமிர்த்தினாள். மறுநாளும் பள்ளம்.

"எவனோ இதுல உக்காந்து சாப்பிடுறான் மேஸ்திரி. எண்ணெய்க் கையோட எவனாவது மாட்டினான், சீட்டோட சேத்துத் தெச்சுடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும்தான்.

இன்ஜினைப் பிரித்துப் பூட்டிய வண்டியைத் தினமும் கொஞ்ச தூரம் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். டிங்கருக்கு மெத்தென்ற கால், அவரே ஓட்டட்டும் என்றார் மேஸ்திரி. முதல் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, கூரையை மடக்கிவிட்டு, ஊசியும் கூட ஏறிக்கொண்டாள். பின்னே? தான் தைத்த சீட்டில் தான் உட்காராமல் வேறு யார் உட்காருவது!

தெருமுனை தாண்டவில்லை. முதுகில் கிடந்த அவளுடைய நீளப் பின்னலை யாரோ சுண்டி இழுத்தார்கள்.

திரும்பிப் பார்த்தாள். பின் சீட் காலி. காற்றில் பின்னல் போய் எங்காவது மாட்டியிருக்கும் என்று முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஒரு இழுப்பு. இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னங்க, நிறுத்துங்க. எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

நிறுத்தினார். அவள் இறங்கி நின்று தலையைத் தேய்த்துக்கொண்டாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கதவைத் தொடப் போனபோது கார் நகர்ந்தது.

"நீ நடந்து வந்துடு" என்றார் டிங்கர், அவளைப் பார்க்காமல்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் அவளை நடுத்தெருவில் விட்டுப் போனது கிடையாது. ஊசி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். திறந்த கார் மெல்ல ஊர்ந்து போனது. போகப் போக, அவருடைய வலது கை ஸ்டீயரிங்கை விட்டு எழுந்து, காலியான பக்கத்து சீட்டின் முதுகில் நீளமாகப் படர்ந்து கிடந்ததைப் பார்த்தாள்.

யாரோ தோளில் கை போட்டிருக்கிற வாகு.

அதற்குப் பிறகு தினமும் அவர் தனியாகத்தான் போனார். அரை மணி நேரம் என்று போவார், ஒன்றரை மணி நேரம் கழித்து வருவார். வந்ததும் பேச மாட்டார். டீ வாங்கி வந்தால் முழு கிளாஸையும் தானே குடித்துவிட்டு வைத்தார். சட்டையை அவளிடம் போடாமல் தானே துவைத்துக் காயப்போட்டார். கொடியில் காயும் சட்டையை அவள் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

எண்ணெய் வாசனை. அந்த எண்ணெய்.

"எவளைடா ஏத்திக்கிட்டு சுத்துற, மனுஷா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டாள். கோபம் வந்தால் மரியாதை எல்லாம் பறந்துவிடும் அவளுக்கு. பழைய டிங்கராக இருந்தால் பதிலுக்குப் பதில் நாலு வார்த்தை வரும், கடைசியில் இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். இந்த டிங்கர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பார்வையில் கோபம்கூட இல்லை. பஸ்ஸில் எதிர் சீட்டில் இருக்கிறவரைப் பார்க்கிற பார்வை. இந்த ஆளைப் பறிகொடுத்துவிட்டால் எனக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

பல் டாக்டர் ஒரு தடவை வண்டியைப் பார்க்க வந்தார். பேச்சோடு பேச்சாக ஊசி கேட்டாள். "உங்க பெரியம்மாவும் இதுல போவாங்களா டாக்டர்?"

"சேச்சே! பெரியம்மா இந்த வண்டிப் பக்கமே வர மாட்டாங்க. பெரியப்பா தனியாத்தான் போவாரு. தனியான்னா..." டாக்டர் சாவியை விரலில் சுற்றினார். "பேசிக்கிட்டே போவாருன்னு சொல்லுவாங்க. வயசாச்சுன்னா அப்படித்தானே."

வண்டியை ஒப்படைக்க இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. கூரையின் உள்துணியில் ஒரு தையல் தளர்ந்திருக்கிறது, பார்த்துவிடு என்றார் மேஸ்திரி. கூரை மூடியிருந்தால்தான் அது தெரியும். மத்தியானம் ஒன்றரை மணி. எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். டிங்கர் எங்கே போனார் என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் அவர் சொல்லிவிட்டுப் போவதில்லை.

ஊசி பித்தானைத் தட்டினாள். கூரை எழுந்து வந்து முன்கண்ணாடியில் உட்கார்ந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வலது சீட்டில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தாள். பின்னல் சீட்டு முதுகுக்குப் பின்னால் சரிந்து விழுந்தது. தளர்ந்த தையல் கண்ணில் பட்டது. அட, ரெண்டு நிமிஷ வேலை.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே குளிர்ந்தது.

முதலில் எண்ணெய் வாசனை வந்தது. பிறகு ஒரு சத்தம்.

டக்.

ஸ்ஸ்ர்ர்ர்...

ஊசி அசையாமல் இருந்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். தோலில் ஊசி இறங்குகிற சத்தம் முதலாவது. நூலை இழுக்கிற சத்தம் இரண்டாவது.

டக். ஸ்ஸ்ர்ர்ர்...

அது அவள் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அவள் தலை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போயிற்று. நிமிரப் பார்த்தாள். முடியவில்லை. கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினாள்.

பின்னலைச் சீட்டோடு சேர்த்துத் தைத்திருந்தது.

தையல் நடந்துகொண்டிருந்தது. அவள் விரலுக்குக் கீழேயே இன்னொரு தையல் விழுந்தது.

"மேஸ்திரி!" என்று கத்தினாள். கண்ணாடி ஏற்றின காருக்குள்ளே அந்தக் குரல் அவள் காதுக்கே ஒழுங்காகக் கேட்கவில்லை.

காதோரம் மூச்சு பட்டது. ஈரமான, குளிர்ந்த மூச்சு.

"நகரு."

பெண் குரல். தணிந்த குரல். எச்சில் இலையை நகர்த்துகிற அலட்சியம்.

நகரச் சொல்கிறது. நகரவும் விடவில்லை. டக், டக், டக் என்று இப்போது வேகமாக ஏறி வந்தது தையல். தோல் பிய்ந்துவிடும் போல உச்சந்தலை எரிந்தது. பிடரியில் ஊசிமுனை பட்டதும் ஊசிக்குப் புரிந்துவிட்டது. முடி முடிந்தது. அடுத்து இது தைக்கப் போவது சதையை.

மேல்சட்டைப் பையில் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு பிடரியை ஒட்டி வைத்து நறுக்கினாள். ஒரு தடவையில் போகவில்லை. இரண்டு, மூன்று, நாலு. தலை விடுபட்டதும் கதவை உதைத்துத் திறந்து சிமென்ட் தரையில் குப்புற விழுந்தாள்.

திரும்பிப் பார்த்தாள்.

சீட்டு முதுகின் ஓரப்பட்டையில் அவளுடைய பின்னல் வரிசையாகத் தைத்துக் கிடந்தது. ஒரே அளவுத் தையல். பத்துத் தையலுக்கு ஒரு சின்ன முடிச்சு.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னல் மெதுவாக, வாலை இழுத்துக்கொள்கிற மாதிரி, சீட்டுக்குள்ளே போய்விட்டது. தையல் மூடிக்கொண்டது.

டிங்கர் வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பிடரியில் ரத்தம். கத்தரித்த முடி கோணல்மாணலாக நின்றது. அவர் அவளைத் தாண்டிப் போய்க் காருக்குள்ளே எட்டிப் பார்த்தார்.

"நூல் ஏதும் அறுந்துடலையே?" என்றார்.

"எனக்கு என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா?"

"கதவை இப்படியா திறந்து போடுறது?" என்று சொல்லிக் கதவைப் பதமாகச் சாத்தினார்.

பயம் அந்த இடத்தில் அவளுக்குக் கோபமாக மாறியது. ஊசிக்குக் கோபம் வந்தால் யாருக்கும் நிற்காது. எழுந்தாள். தோல் அறுக்கிற கத்தியை எடுத்தாள். கூரையை மடக்கினாள். வெளியே நின்றுகொண்டே, வலது சீட்டின் நடுவில் கத்தியை இறக்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கிழித்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடிப்பாவி! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? நாளன்னைக்கு வண்டி போகணும்!"

"சாக்கு எடுத்துட்டு வாங்க மேஸ்திரி."

இரண்டு கையாலும் முடியை அள்ளி வெளியே போட்டாள். அவள் உள்ளே வைத்தது ஒரு சாக்கு. ஒரு சாக்கு நிரம்பியது. இரண்டாவது நிரம்பியது. மேஸ்திரி வசவை நிறுத்திவிட்டார். மூன்றாவது சாக்கும் பாதிக்கு வந்தபோது முதலாளி, வேலையாள் என்ற வித்தியாசம் இல்லாமல் அவரே சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடி வந்துகொண்டே இருந்தது, கறுப்பாக, வெதுவெதுப்பாக.

"எடுக்காத."

டிங்கர். குரல் உடைந்திருந்தது.

"எல்லாத்தையும் எடுத்துட்டா அவ எங்க உக்காருவா?"

ஊசி கத்தியைக் கீழே போட்டாள். நேராகப் போய்ப் புருஷன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். அவரை அவள் அடித்தது அதுதான் முதல் தடவை.

"எவ? சொல்லுங்க. எவ?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியது. தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். "தெரியலைடி" என்றார். "பேரு சொல்லல. எனக்குத் தெரியலைடி." பிறகு அவள் தலையைப் பார்த்தார். "ஐயோ, என்னடி இது? முடி எங்க? யாரு இப்படிப் பண்ணது?"

ஊசி அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மேஸ்திரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டறைக்குப் பின்னால் மூன்று சாக்கையும் கவிழ்த்து, டிங்கரின் கேஸ் டார்ச்சாலேயே கொளுத்தினார்கள். புகை போய் அடங்க ஒரு மணி நேரமாயிற்று. எரிப்பதற்கு முன்னால் ஊசி ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தாள். தன் பின்னலை அவள் நுனியில் நீல ரப்பர் பேண்ட் போட்டு முடிந்திருந்தாள். கிளறின முடியில் நீலம் எதுவும் தெரியவில்லை. எங்கோ அடியில் இருக்கும், எல்லாம் சேர்ந்து எரிந்து ஒழியட்டும் என்று விட்டுவிட்டாள். அப்போதைக்கு அவளுக்குப் புருஷன் கிடைத்ததே போதும் என்றிருந்தது.

சீட்டில் பஞ்சும் ஃபோமும் வைத்துப் புதுத் தோல் தைத்தாள். டாக்டரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. காரை ஓட்டிப் போகவில்லை, லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். போகும்போது ஊசி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு எட்டு நாள் வீடு வீடாக இருந்தது. டிங்கர் பழையபடி அரை கிளாஸ் டீயை அவளுக்கு மிச்சம் வைத்தார். "மொட்டச்சி" என்று கூப்பிட்டு அடி வாங்கினார். அவள் தூங்குகிறாளா என்று எட்டிப் பார்த்துப் போர்வையை இழுத்துவிட்டார். ஊசிக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. கெட்ட காலம் தலைமுடியோடு போச்சு என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பது மணி. மாடி வீட்டில் ஜன்னலெல்லாம் திறந்து வெளிச்சம் கொட்டிக்கிடந்தது. டிங்கர் குளித்துக்கொண்டிருந்தார். பாட்டு முனகுகிற சத்தம் கேட்டது. ஊசி துணி மடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பல் டாக்டர்.

"என்னம்மா, ரேடியேட்டர் சரியாயிடுச்சா? எப்ப வண்டியக் கொண்டாந்து விடுறீங்க?"

"எந்த வண்டி டாக்டர்?"

"என்னம்மா கேலி பண்றீங்க? நேத்து சாயங்காலம் நீங்க ரெண்டு பேரும் வந்துதானே எடுத்துட்டுப் போனீங்க. தண்ணி ஒழுகுது, பாத்துத் தரேன்னாரு உங்க வீட்டுக்காரரு."

நேற்று சாயங்காலம் டிங்கர் போல்ட் வாங்க வேண்டும் என்று வெளியே போனார். ஊசி வீட்டில்தான் இருந்தாள். நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தாள்.

"நான் வந்தேனா?"

"வந்துட்டு ஒரு வார்த்தை பேசலையே! கோவமோன்னு நெனச்சேன். வந்ததும் நேரா நம்ம கார்ல ஏறி உக்காந்தவங்க இறங்கக்கூட இல்ல. என் மனைவி உங்க முடியையே பாத்துக்கிட்டிருந்தா. எவ்வளவு நீளப் பின்னல், நுனியில நீல ரப்பர் பேண்டு, என்ன எண்ணெய் தேய்க்கிறாங்கன்னு கேளுங்கன்னு காலைலேர்ந்து நச்சரிக்கிறா, போங்க."

ஊசியின் கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. அங்கே ஒரு விரல்கடை நீளத்துக்கு முடி குத்திக்கொண்டு நின்றது.

போனை எப்போது வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. குளியலறைக் கதவு திறந்தது. டிங்கர் தோய்த்த சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்தார். ஆளே பளிச்சென்று இருந்தார். கூடத்துக்கு வந்தவர் அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றார்.

"என்னங்க," என்றாள் ஊசி. "எங்க கிளம்பிட்டீங்க?"

அவர் ஒரு அடி பின்னால் போனார். சட்டையின் மேல் பொத்தானை அவசரமாகப் போட்டுக்கொண்டார். வேற்றுப் பெண்பிள்ளை வீட்டுக்குள்ளே நிற்கும்போது ஆம்பிளைக்கு வருகிற கூச்சம் அவர் முகத்தில் இருந்தது.

"நீங்க யாருங்க?" என்றார். "கதவு தொறந்தா இருந்துச்சு? யாரைப் பாக்கணும் உங்களுக்கு?"

"நான்தாங்க. என்னைப் பாருங்க. நான்தாங்க!"

"தப்பா வீடு மாறி வந்துட்டீங்க போல. பயப்படாதீங்க, உக்காருங்க." நல்ல மனுஷன், பதற்றப்படுகிறவளிடம் தணிவாகத்தான் பேசினார். "எம் பொண்டாட்டியக் கூப்பிடுறேன், அவகிட்ட சொல்லுங்க. இப்பத்தான் கீழ போனா, வண்டியில உக்காந்திருக்கா."

கீழே தெருவில் ஒரு பெரிய இன்ஜின் மெத்தென்று உறுமிக்கொண்டிருந்தது. மோட்டார் முனகிக் கூரை மடங்குகிற சத்தம் கேட்டது.

பிறகு குரல் வந்தது. கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் செல்லம், கொஞ்சம் அதட்டல். இருபத்திரண்டு வருஷமாகப் பட்டறை முழுக்கக் கேட்டுப் பழகிய, ஊசியின் சொந்தக் குரல்.

"என்னங்க, இன்னும் அங்க என்ன பண்றீங்க? சீக்கிரம் இறங்கி வாங்க!"

"இதோ வந்துட்டேன்டி" என்று சொல்லிக்கொண்டே டிங்கர் படியிறங்கினார்.